படத்துக்கு 24 போதும், கேமுக்கு 60 கூடப் பத்தவில்லை

புது டிவி ஒன்றின் செட்டிங்ஸுக்குள் போய் 'பிக்சர் மோட்' பட்டியலைத் திறந்து பாருங்கள். ஸ்டாண்டர்ட், விவிட், சினிமா என்று வரிசையாகப் போகும். பல டிவிகளில் அதே பட்டியலில் இன்னும் இரண்டு பெயர்கள் இருக்கும்: ஃபிலிம்மேக்கர் மோட், கேம் மோட். ஒன்று படம் எடுப்பவர்கள் கேட்டு வாங்கியது. இன்னொன்று கேம் ஆடுபவர்களுக்காக வைத்தது. இந்த இரண்டு கூட்டமும் மற்ற விஷயங்களில் எதிரும் புதிரும். வினாடிக்கு 24 ஃபிரேமில், அதாவது அடுத்தடுத்த 24 தனிப் படங்களாக, ஓடினால்தான் சினிமா என்பார்கள் அவர்கள். 60-க்குக் கீழே இறங்கினால் கேமே இல்லை என்பார்கள் இவர்கள். ஆனால் இரண்டில் எதைப் போட்டாலும் டிவி பெரும்பாலும் ஒரே காரியத்தைச் செய்கிறது. மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுகிறது.

மோஷன் ஸ்மூத்திங் என்றால், இல்லாத ஃபிரேமை டிவியே வரைந்து நுழைப்பது. படத்தில் வினாடிக்கு 24 ஃபிரேம்தான் இருக்கிறது. டிவியோ அதே வினாடிக்குள் 60 முறை, அல்லது 120 முறை திரையைப் புதுப்பிக்கிறது. போன ஃபிரேமில் கை இங்கே, அடுத்த ஃபிரேமில் கை அங்கே, அப்படியானால் நடுவில் இந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, டிவி இடைவெளியை நிரப்புகிறது. எல்ஜியில் இதற்கு ட்ரூமோஷன் என்று பெயர், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ். வேலை ஒன்றுதான்.

நண்பர் ஒருவர் வீட்டில் இதை முதன்முதலாகப் பார்த்தபோது டிவியில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். பத்துத் தடவை பார்த்த பழைய படம். ஆனால் நடிகர்கள் திடீரென்று எடை குறைந்தவர்கள்போல வழுக்கிக்கொண்டு நடந்தார்கள். "என்னடா இது, சீரியல் மாதிரி ஓடுது?" என்று கேட்டேன். "புது டிவி, அப்படித்தான் தெளிவா இருக்கும்" என்றான். அவன் சொன்னதும் பொய் இல்லை, நான் சொன்னதும் பொய் இல்லை. வீடியோ கேமராவில் எடுத்த சீரியல்களும் செய்திகளும் விளையாட்டு ஒளிபரப்புகளும் பல பத்தாண்டுகளாக வினாடிக்கு 50 அல்லது 60 அசைவுகளாகப் பதிவானவை. செலவு செய்து ஃபிலிமில் எடுத்த படம் 24. ஆக, மலிவானது வழவழவென்று ஓடியது. காசு போட்டு எடுத்தது கொஞ்சம் தடக் தடக்கென்று ஓடியது. நம் கண் அப்படியே பழகிப்போனது.

2018 டிசம்பரில் டாம் குரூஸ், இயக்குநர் கிறிஸ்டோஃபர் மெக்குவாரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தயவுசெய்து இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று ஒரு வீடியோவே போட்டார். அடுத்த ஆண்டில் யூஎச்டி அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு ஃபிலிம்மேக்கர் மோடை அறிவித்தது.

எல்லாம் பழக்கதோஷம்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது பாதி பதிலாகத்தான் படுகிறது.

முதலில் இந்த 24. இதற்குப் பின்னால் கண்ணைப் பற்றிய ரகசியம் எதுவும் கிடையாது. இது காது கொண்டுவந்த எண். பேசாப்பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். வினாடிக்கு 16, 18, 20 என்று ஆளுக்கு ஆள் மாறும். தியேட்டரில் ஓட்டுகிறவர் அதையும் தன் இஷ்டத்துக்கு வேகமாக ஓட்டுவார். வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கண் மன்னித்துவிடும். காது மன்னிக்காது. 1920-களின் கடைசியில் ஒலி வந்து, அது படச்சுருளிலேயே ஓரத்தில் பதியத் தொடங்கியதும், சுருளின் வேகம் ஏறினால் குரல் கீச்சிட்டது, இறங்கினால் இழுத்தது. ஆகவே ஒரே வேகம் வேண்டும். மெதுவாக ஓட்டினால் ஒலித் தரம் கெடும். வேகமாக ஓட்டினால் ஃபிலிம் செலவு எகிறும். 24-இல் வந்து நின்றார்கள். 35 எம்எம் ஃபிலிமில் அது நிமிடத்துக்கு 90 அடி. இரண்டு மணி நேரப் படத்துக்கு 10,800 அடி, 1,72,800 படங்கள். 48 என்று வைத்திருந்தால் அத்தனையும் இரட்டிப்பு.

சும்மா 24 படங்களை மட்டும் காட்டினால் திரை மினுக் மினுக்கென்று கண்ணைக் குத்தும். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். புரொஜெக்டரின் ஷட்டர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை மூடித் திறந்து காட்டும். படம் 24தான், வெளிச்சம் 48 முறை அடிக்கும்.

அப்புறம் மங்கல். சண்டைக் காட்சி ஒன்றை நடுவில் நிறுத்திப் பாருங்கள். ஓங்கிய கை கையாகவே இருக்காது. ஒரு தீற்றலாக இருக்கும். 24 ஃபிரேமில் எடுக்கும்போது கேமராவின் ஷட்டர் வழக்கமாக 1/48 வினாடி திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் கை போன தூரம் முழுவதும் ஒரே படத்தில் பதிந்துவிடும். அடுத்த படத்திலும் அப்படியே. தீற்றலும் தீற்றலும் ஒட்டிக்கொள்வதால்தான் 24 நமக்கு அசைவாகத் தெரிகிறது. கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போதும் ஒளிப்பதிவாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு பொருள் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஏறக்குறைய 7 வினாடி எடுக்கட்டும், அதைவிட வேகமாகத் திருப்பினால் படம் உதறும். நூறு வருடமாக இந்த எண்ணைச் சுற்றி ஒரு முழுத் தொழிலே வளர்ந்திருக்கிறது. டிவி நடுவில் புகுந்து ஃபிரேம் சேர்க்கும்போது அந்தத் தொழிலின் கணக்கைத்தான் கலைக்கிறது.

இந்த எண்ணை உயர்த்திப் பார்க்காமல் இல்லை. பீட்டர் ஜாக்சன் 'தி ஹாபிட்' வரிசையை 48 ஃபிரேமில் எடுத்தார். முதல் படம் 2012-இல் வந்தது. ஷட்டரை 1/64 வினாடி திறந்து வைத்து, மங்கல் அடியோடு போய்விடாமல் பார்த்துக்கொண்டார். அப்படியும் பலருக்கு ஒட்டவில்லை. ஒட்டுத்தாடி ஒட்டுத்தாடியாகத் தெரிந்தது, செட்டு செட்டாகத் தெரிந்தது. ஆங் லீ இன்னும் தூரம் போய் 2016-இல் ஒரு படத்தையும், 2019-இல் 'ஜெமினி மேன்' படத்தையும் 120 ஃபிரேமில், முப்பரிமாணத்தில் எடுத்தார். அதை முழுத் தரத்தில் காட்ட விரல்விட்டு எண்ணக்கூடிய தியேட்டர்களால்தான் முடிந்தது. 2022-இல் வந்த இரண்டாவது 'அவதார்' படத்தில் ஜேம்ஸ் கேமரூன் கலந்து பார்த்தார்: தண்ணீருக்கடியில் நடப்பதுபோன்ற காட்சிகளுக்கு 48, மற்ற சில இடங்களில் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு முறை காட்டி 24. மாறுகிற இடம் சிலருக்குத் தெரியவே இல்லை. கேம் ஆடிப் பழகிய கண்ணுக்கோ நன்றாகவே தெரிந்தது. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபிரேம் ரேட், அதாவது வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண், சட்டென்று விழுமே, அப்படி.

என் கணிப்பு இதுதான். அதிக ஃபிரேம் உண்மையைக் கூட்டித்தான் காட்டியது. ஆனால் அது படப்பிடிப்புத் தளத்தின் உண்மை. கதைக்குள் இருப்பவனை அல்ல, வேஷம் போட்டுக்கொண்டு விளக்குக்கு முன்னால் நிற்கும் நடிகனைக் காட்டியது. பார்க்கிறவனுக்குக் கொஞ்சம் விடுபட்டிருந்தால்தான் மீதியை அவன் நிரப்பிக்கொள்வான்.

சரி, கேமுக்கு வருவோம். சினிமாவில் 24 இனிக்கிறது என்றால் கேமில் 24 ஏன் சகிக்கவில்லை?

எளிய காரணம், கேமின் ஃபிரேம் ஒளிப்படம் இல்லை. கேமரா 1/48 வினாடி திறந்திருந்து சேகரித்ததல்ல அது. ஒரு கணத்தைக் கத்தியால் நறுக்கிய மாதிரி, ஓரங்கள் கூர்மையாக, மங்கலே இல்லாமல் வரைந்தது. தீற்றல் இல்லாததால் ஒரு ஃபிரேமும் அடுத்த ஃபிரேமும் ஒட்டுவதில்லை. செயற்கையாக அந்த மங்கலை, மோஷன் பிளர் என்ற பெயரில், சேர்ப்பார்கள். அதை மெனுவில் தேடிப்போய் முதல் வேலையாக அணைக்கிறவர்கள்தான் அதிகம். அதோடு கேமில் கேமரா இருப்பது ஒளிப்பதிவாளர் கையில் அல்ல, உங்கள் வலது கட்டைவிரலில். 7 வினாடிக் கணக்கெல்லாம் அந்த விரலுக்குத் தெரியாது. பின்னால் எதிரி வந்துவிட்டான் என்றால் அரை வினாடியில் முழுச் சுற்றுச் சுற்றும்.

ஆனால் பெரிய காரணம் கண்ணில் இல்லை. கேமில் ஃபிரேம் என்பது வெறும் படம் அல்ல, நாடித்துடிப்பு. பெரும்பாலான கேம்கள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு சுற்றுச் சுற்றுகின்றன: கன்ட்ரோலரில் என்ன அழுத்தினான் என்று பார், ஆட்களை நகர்த்து, யார் யார்மேல் இடித்தார்கள் என்று கணக்கிடு, வரை, திரைக்கு அனுப்பு, மறுபடி முதலிலிருந்து. 30 ஃபிரேம் என்றால் இந்தச் சுற்று 33.3 மில்லிவினாடிக்கு ஒரு முறை. 60 என்றால் 16.7. 120 என்றால் 8.3. பொத்தானை அழுத்திய கணத்துக்கும் திரையில் வாள் அசையும் கணத்துக்கும் நடுவில் இப்படிச் சில சுற்றுகள் கடந்துபோகும். ஃபிரேம் ரேட் குறைந்தால் கேம் அசிங்கமாகத் தெரிவது ஒரு பக்கம், சொன்ன பேச்சைத் தாமதமாகக் கேட்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் ஆளை வெறுப்பேற்றும்.

இந்தத் துடிப்பு எவ்வளவு ஆழமாகப் பின்னியிருக்கிறது என்பதற்கு வேடிக்கையான சாட்சிகள் உண்டு. 1978-இல் டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேமில், எதிரிகள் சாகச் சாக மிச்சம் இருப்பவர்களின் வேகம் கூடும். அதை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் இயந்திரத்தின் பாரம் குறைந்து வேகம் பிடித்தது. நன்றாக இருக்கிறதே என்று அவர் அப்படியே விட்டுவிட்டார். எதிர்ப்பக்கச் சாட்சி 'டார்க் சோல்ஸ் 2'. பழைய கன்சோல்களில், அதாவது டிவியோடு இணைத்து ஆடும் கேம் பெட்டிகளில், 30-ஐ ஒட்டி ஓடிய கேம் கணினிக்கு வந்து 60-இல் ஓடியபோது, வாள்கள் இரண்டு மடங்கு வேகத்தில் தேய்ந்து உடைந்தன. தேய்மானம் ஃபிரேமோடு கட்டப்பட்டிருந்தது. ஃபிரேம் இரட்டித்தால் தேய்மானமும் இரட்டிக்கும்தானே. 2014-இல் வந்த கேமுக்கு அடுத்த ஆண்டுதான் அதைச் சரிசெய்தார்கள்.

நடுவில் சில கேம் நிறுவனங்கள் சினிமாவின் வாதத்தைக் கடன் வாங்கிப் பார்த்தன. 2015-இல் வந்த 'தி ஆர்டர்: 1886' மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து, 30 ஃபிரேமில் ஓடியது. படம்போல இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இப்படி என்றார்கள் அதை உருவாக்கியவர்கள். எடுபடவில்லை. கையில் கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு 'இது படம், பாருங்கள்' என்றால் யார் கேட்பார்கள்? இப்போது கன்சோல் கேம்கள் பலவற்றில் ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி வருகிறது: அழகு வேண்டுமா, வேகம் வேண்டுமா? 2024 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5 புரோவை அறிமுகப்படுத்தியபோது, அதன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி, முக்கால்வாசித் தடவை வேகத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சொன்னார்.

கண்ணின் கணக்கு வேறு, கையின் கணக்கு வேறு. இதை அப்பட்டமாகப் புரிந்துகொண்டு செய்த கேம் 'கில்டி கியர் எக்ஸ்ஆர்டி'. 2014-இல் வந்த சண்டை கேம். முப்பரிமாண உருவங்கள்தான், ஆனால் பார்த்தால் கையால் வரைந்த அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், என்று சத்தியம் செய்வீர்கள். அனிமேவில் ஒரு ஓவியத்தை இரண்டு மூன்று ஃபிரேமுக்கு அப்படியே நிறுத்தி வைப்பார்கள். வினாடிக்கு 12 அல்லது 8 ஓவியங்கள் போதும். இந்தக் கேமும் பாத்திரங்களின் தோரணையை அப்படியே சில ஃபிரேம்கள் உறைய வைக்கிறது. உள்ளே கேம் மட்டும் 60-இல் ஓடிக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்குக் குறைவாக, கைக்கு நிறைவாக. இதே யோசனையைச் சினிமா பக்கத்திலிருந்து 2018-இல் 'ஸ்பைடர்மேன்: இன்டு த ஸ்பைடர்வெர்ஸ்' பிடித்தது. காட்டுக்குள் வலை வீசிப் பறக்கும் இடத்தில், அனுபவசாலியான பீட்டர் ஒவ்வொரு ஃபிரேமிலும் அசைகிறார். கற்றுக்குட்டி மைல்ஸ் இரண்டு ஃபிரேமுக்கு ஒரு தடவைதான் அசைகிறான். அவன் தடுமாறுகிறான் என்பதை வசனமே இல்லாமல் ஃபிரேமே சொல்லிவிடுகிறது.

இப்போது நடக்கும் கூத்துக்கு வருகிறேன். டிவியில் நாம் அணைக்கச் சொல்லிப் போராடிய அதே வித்தை, கேம் உலகத்துக்குள் வேறு பெயரில் வந்து, விலை உயர்ந்த சரக்காக விற்கிறது. பெயர் ஃபிரேம் ஜெனரேஷன். கணினியில் கேமின் படத்தை வரையும் கிராஃபிக்ஸ் கார்டுகளைச் செய்யும் என்விடியா, 2022-இல் தன் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கார்டுகளோடு டிஎல்எஸ்எஸ் 3 என்று கொண்டுவந்தது. 2023-இல் அதன் போட்டி நிறுவனமான ஏஎம்டி எஃப்எஸ்ஆர் 3 என்று கொண்டுவந்தது. கார்டு இரண்டு ஃபிரேம்களை நிஜமாக வரையும், நடுவில் ஒன்றை ஊகித்து நுழைக்கும். 2025 ஜனவரியில் வந்த டிஎல்எஸ்எஸ் 4 நடுவில் மூன்று வரை நுழைக்கிறது. அதாவது திரையில் ஓடும் நான்கு ஃபிரேமில் ஒன்றுதான் கேம் வரைந்தது.

டிவியைவிட இது எவ்வளவோ மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டிவிக்குத் தெரிவது தட்டையான படம் மட்டும். கார்டுக்கோ எந்தப் பொருள் எந்தப் பக்கம் நகர்கிறது, எது முன்னால், எது பின்னால் என்று கேமே சொல்லிவிடும். அதனால் ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கிறது. கோளாறு ஊகத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. அ என்ற ஃபிரேமும் ஆ என்ற ஃபிரேமும் தயாராக இருந்தால்தான் நடுவில் ஒன்றை வரைய முடியும். அப்படியானால் ஆ தயாரான பிறகும் அதைக் காட்டாமல் பிடித்து வைத்துக்கொண்டு, நடுவில் உள்ளதை முதலில் காட்ட வேண்டும். உங்கள் கை செய்ததன் பலன் ஆ-வில் இருக்கிறது. அது பின்னுக்குப் போகிறது. இந்தத் தாமதத்தை ஈடுகட்ட என்விடியா ரிஃப்ளெக்ஸ் என்ற இன்னொரு வித்தையைச் சேர்த்துத்தான் இதைத் தருகிறது. நுழைத்த ஃபிரேமில் இன்னொரு குறையும் உண்டு. அது கன்ட்ரோலரைப் பார்த்ததே இல்லை. 30-இல் ஓடும் கேம் ஃபிரேம் ஜெனரேஷனால் 60 ஆகிவிட்டால், கண் 60 என்று நம்பும். கை 30-ஐத்தான் உணரும், சில சமயம் அதைவிட மோசமாக.

ஆகவே 60-ஐ ஏற்கெனவே தாண்டியவருக்கு இது அருமையான வசதி. 120-ஐ 200 ஆக்கிக்கொள்ளலாம். ஏஎம்டியே தன் முறைக்கு, முதலில் 60-ஆவது இருக்கட்டும் என்றுதான் பரிந்துரைத்தது. தேவைப்படுகிறவருக்கு உதவாது, உதவுகிறவருக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. விற்கிறவர்கள் இதை இப்படிச் சொல்வதில்லை. 2025 ஜனவரி மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு முந்தைய தலைமுறையின் உச்சமான 4090-க்குச் சமம் என்றார். நுழைத்த ஃபிரேம்களையும் சேர்த்து எண்ணினால்தான் அந்தச் சமம் வரும். 'போலி ஃபிரேம்' என்ற வசைச்சொல் கேமர்களிடையே பரவியதற்கு இந்த மாதிரிக் கணக்குதான் காரணம். இன்னும் எனக்கு உறுத்தியது அடுத்த மாதம் வந்த 'மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்'. அதன் கணினித் தேவைப் பட்டியலில், பரிந்துரைக்கப்பட்ட கணினியில் 1080பி தெளிவு, 60 ஃபிரேம் என்று போட்டு, பக்கத்திலேயே ஃபிரேம் ஜெனரேஷன் போட்ட நிலையில் என்று எழுதியிருந்தார்கள். கூடுதல் வசதியாக வந்த ஒன்று, அடிப்படைத் தரத்தை எட்டுவதற்கான ஊன்றுகோலாக அச்சில் ஏறிவிட்டது.

கைக்குத் தாமதம் இல்லாமல் ஃபிரேமைக் கூட்ட வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அதைக் கண்ணை மூடித் தலையில் மாட்டிக்கொள்ளும் விஆர் ஹெட்செட்டுகளைச் செய்தவர்கள், தேவை நெருக்கியதால், முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே கேமரா என்பது உங்கள் தலை. தலை திரும்பி, காட்சி கொஞ்சம் பின்தங்கினாலே குமட்டல் வந்துவிடும். அதனால்தான் 2016-இல் வந்த ஓக்யுலஸ் ரிஃப்ட், எச்டிசி வைவ் இரண்டும் வினாடிக்கு 90 முறை திரையைப் புதுப்பித்தன. கேம் அந்த வேகத்துக்குப் பின்தங்கினால், அடுத்த ஃபிரேமுக்குக் காத்திருக்காமல், கைவசம் இருக்கிற கடைசி ஃபிரேமையே தலை இப்போது திரும்பியிருக்கும் பக்கமாக நகர்த்திக் காட்டிவிடுவார்கள். எதிர்காலத்தை எதிர்பார்த்து நிற்பதில்லை, கையிருப்பை வைத்துச் சமாளிப்பது.

என்விடியா அதே 2025 ஜனவரியில், பெரிய ஆரவாரம் இல்லாமல், இதைச் சாதாரணத் திரைக்கும் கொண்டுவருவதாக அறிவித்தது. ரிஃப்ளெக்ஸ் 2-இன் ஃபிரேம் வார்ப். ஃபிரேமை வரைந்து முடித்து, திரைக்கு அனுப்புவதற்குச் சற்று முன்னால் மவுஸ் எங்கே நகர்ந்திருக்கிறது என்று இன்னொரு முறை பார்த்து, முழுக் காட்சியையும் அந்தப் பக்கம் தள்ளிவிடும். தள்ளியதும் ஓரத்திலும், முன்னால் நிற்கும் பொருள்களின் பின்னாலும் வெற்று ஓட்டைகள் விழும். அங்கே என்ன இருந்திருக்கும் என்று முந்தைய ஃபிரேம்களைப் பார்த்து ஊகித்து நிரப்ப வேண்டும். ஊகம் இதிலும் உண்டு. ஆனால் தப்பானால் கெடுவது திரையின் ஓரத்தில் ஒரு கீற்று. குறி வைத்த நடு இடம் கை சொன்ன இடத்தில் இருக்கும்.